லெஃப்ட் அவுட்டுக்கு ஆள் தேடிய கோடை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மைதானத்துக் கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஹாஃப் டைமுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எங்கள் டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவராம்.

“நீங்க லெஃப்ட் அவுட் ஆடுறவரு ஆச்சே! கால்ல அடியா?”

“இல்லீங்க. டீம்ல எடுக்கல.”

“அடப்பாவமே... யாரு எடுக்கல?”

“நான்தான்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். பழம் நறுக்குகிற அவசரத்தில் அவருக்கு விவரம் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஃபுட்பால் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வரிசையில் ஐந்து பேர். அதில் இந்தக் கடைசியில் நிற்பவன் லெஃப்ட் அவுட், அந்தக் கடைசியில் நிற்பவன் ரைட் அவுட். கோட்டை ஒட்டியே ஓடி, துரத்துகிறவனை ஏமாற்றி, பந்தை நடுவில் நிற்பவனுக்குத் தூக்கிப் போட வேண்டும். அவன் கோல் அடிப்பான். மாலை அவனுக்கு. இரைப்பு நமக்கு!

பதினான்கு வருஷமாக எங்கள் டீமின் லெஃப்ட் அவுட் நான். பகலில் நெசவு நூல் கடையில் கிளார்க், வாரம் ஒருநாள் இந்தப் பத்தி. அதனால் டீமில் எனக்குப் பெயர் ‘ரைட்டர்’. ரைட் அவுட்டில் ஆடிக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூர் மில்லில் வேலை கிடைத்து, மாசி மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் எங்கள் கேப்டனுக்குக் கவலை பிடித்தது.

கேப்டன் சுந்தரம் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேசுவார். பேசிக்கொண்டே ஒட்டுவார்.

“ரைட்டரே, நடுவுல நமக்குக் குறையில்ல. ஓரந்தான் ஓட்டையாக் கெடக்கு. ஒருத்தன் ஊரை விட்டுப் போனா அந்தப் பக்கமே காலி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா இந்தப் பக்கமும் காலி. சீசனுக்கு இன்னும் மாசம் கெடக்கு. யாரு யாரு தேறுவான்னு பாத்து, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதிக் குடுங்க.”

“நானாண்ணே?”

“பின்ன? ஓரத்துல ஓடுனவருக்குத்தானே ஓரத்து வெவரம் தெரியும்? தாட்சண்யம் பாக்காம எழுதணும்.”

தலையாட்டினேன். அந்த லிஸ்டில் என் பெயரும் வரவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடி பார்க்காமல் தலை வாருகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்!

கோடையில் எங்கள் பிராக்டிஸ் வைகைக்குள்தான். தண்ணீர் எங்கோ ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். மற்ற இடமெல்லாம் மணல். மணலில் ஓடிப் பழகினால் மழைக்காலத்தில் தரையில் கால் பறக்கும் என்பது சுந்தரம் அண்ணனின் சித்தாந்தம். சற்றுத் தள்ளி ஊற்றுத் தோண்டிப் பெண்கள் துணி துவைப்பார்கள். என் மனைவி காமாட்சியும் அங்கேதான் துவைப்பாள். அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் ஆள் சுலபமாகக் கிடைத்தான். காமாட்சியின் தம்பி தங்கராசு. இருபத்திரண்டு வயது, முயல் மாதிரி ஓட்டம். இரண்டாவது ஆளைக் கேப்டனே கண்டுபிடித்தார். கடைக்குப் பின்சுவர் கட்டச் செங்கல் வாங்கக் காளவாசல் பக்கம் போயிருக்கிறார். மத்தியானச் சோற்று நேரத்தில் சூளை ஆட்கள் கோணித்துணியில் தென்னைநார் அடைத்துத் தைத்த ஒரு பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்களாம். அதில் ஒருவரை மற்ற எட்டுப் பேரும் சேர்ந்தும் பிடிக்க முடியவில்லையாம்.

“செங்கல் வெலை கேக்க மறந்துட்டேன் ரைட்டரே” என்றார் கேப்டன்.

அவர் பெயர் முத்திருளன். மறுநாள் வேலை முடிந்து ஆற்றுக்கு வந்தார். முழங்கால் வரை சிவப்புத் தூசி. நிஜமான தோல் பந்தைக் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார். பிறகு... நான் அவரைத் துரத்தினேன்.

துரத்தினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மனிதர் வலதுபக்கம் சாய்வார், நாமும் சாய்வோம். அவர் இடதுபக்கம் போய்ச் சேர்ந்திருப்பார். நாம் மட்டும் மணலில் கிடப்போம். மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் நான் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைத் திறந்து லிஸ்ட் எழுதினேன். லெஃப்ட் அவுட்: ஒன்று, நான். இரண்டு, முத்திருளன். ரைட் அவுட்: தங்கராசு. பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். எனக்கு ‘அனுபவம்’. முத்திருளனுக்கு ‘வேகம் உண்டு, பக்குவம் போதாது’.

காமாட்சி எழுத்துக் கூட்டிப் படிப்பவள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கூட்டிப் படித்தாள்.

“பக்குவம் போதாதா? ஏங்க, மூணு நாளா மண்ணுல விழுந்தது அந்தத் தம்பியா, நீங்களா?”

“நீ எப்ப பாத்தே?”

“நல்லா இருக்கே! தொவைக்கிறது கைதானே? கண்ணு சும்மாத்தானே இருக்கு? எங்க தங்கராசு பந்து வந்தா ஓடுவான். வரலேன்னா இடுப்புல கையை வச்சுக்கிட்டு வானத்தைப் பாப்பான். அந்தத் தம்பி பந்து அந்தப் பக்கம் இருந்தாலும் இந்தப் பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு.”

“நான்?”

சிரித்துவிட்டாள். “நீங்க மூச்சு வாங்குறது தொவைக்கிற கல்லு வரைக்கும் கேக்குது. உங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். பக்கத்துல தொவைக்கிறவளுக சிரிப்பாளுக. நான் துணியை ஓங்கி ஓங்கி அடிப்பேன், அவளுக சிரிக்கிறது எனக்குக் கேக்காம இருக்கட்டும்னு.”

பதினான்கு வருஷத்தில் என் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பிரியமான விமரிசனத்தை நான் கேட்டதில்லை. இவ்வளவு மோசமானதையும் கேட்டதில்லை. நோட்டை மூடிவிட்டேன். லிஸ்டை மட்டும் மாற்றவில்லை.

அடுத்த பிராக்டிஸுக்கு முத்திருளன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. கோடைதான் சூளைக்கு முழு வேலைக் காலம், மழை வந்தால் அங்கே அடுப்பு அணைந்துவிடும், எனவே வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே காரணம் கண்டுபிடித்து, நானே கேப்டனிடம் சொன்னேன். எவ்வளவு பொருத்தமான காரணம்! காரணம் பொருத்தமாக அமைந்துவிட்டால் யாராவது மேலே விசாரிப்பார்களா?

காமாட்சி விசாரித்தாள்.

“ரெண்டு நாளா உங்க முகத்துல ஒரு வெளிச்சம் தெரியுதே... அந்தச் சூளைக்காரத் தம்பி வரலையா?”

“வேலையா இருக்கும்.”

“கேட்டீகளா?”

“கேக்கல.”

“போய்க் கேட்டுட்டு வாங்க. அது வேலைன்னா வேலைன்னு சொல்லட்டும். நீங்க ஏன் அதுக்கும் சேத்துச் சொல்றீக?”

மறுநாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் காளவாசலுக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சூளையின் அனல் அதற்கு மேல். முத்திருளன் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுமையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

“ரைட்டரய்யா! இம்புட்டு வெயில்ல நடந்தா வந்தீக?”

“ஏன் வரல?”

“சூளைல சோலிங்கய்யா. இப்பத்தானே சீசனு...”

நான் எதிர்பார்த்த பதிலேதான். அதை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஏனோ கால் நகரவில்லை. அவரும் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சோலி எப்பவும் இருக்குங்கய்யா. அது இல்ல. ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் பாலத்துக்குப் பக்கத்துல காப்பி கிளப்புக்குப் போறீக. ‘வாப்பா முத்திருளா’ன்னு கேப்டனய்யா கூப்பிடுவாரு. ‘எனக்குச் சோலி இருக்கு, வாரேன்’னு சொல்லிட்டுக் கெளம்பிருவேன். ஒருநாள்னா சொல்லலாம். மூணு நாளும் சொன்னேன். கூப்பிடுற மனுசருகிட்ட தெனமும் பொய் சொல்ல முடியலய்யா. அதான் வரல.”

அந்தக் கிளப்பின் வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு. யார் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பதினான்கு வருஷமாக அதற்குக் கீழே நுழைந்து காபி குடித்திருக்கிறேன். நாளெல்லாம் எழுத்தோடு பிழைக்கிற நான், அந்த எழுத்தை ஒருநாள்கூட நின்று படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

“நாளைக்கு வாங்க” என்றேன்.

“வந்து?”

“வாங்க. பாத்துக்கலாம்.”

கேப்டன் கடைக்கு நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடி குமிழியைப் பார்த்தார்.

“நான் கூப்பிட்டேன் ரைட்டரே... மூணு நாளும் நாந்தான் கூப்பிட்டேன்” என்றார்.

மறுநாள் முத்திருளன் வந்தார். ஆட்டம் முடிந்தது. யாரும் கிளப் பக்கம் திரும்புவதற்கு முன்னால் கேப்டன் தம் சைக்கிள் கேரியரிலிருந்து ஒரு மோர்ப்பானையை இறக்கினார். கூட ஒரே ஒரு செம்பு.

“இனிமே ஆட்டம் முடிஞ்சா இங்கதான். காப்பி வேணும்கிறவன் வீட்டுல போய்க் குடிச்சுக்கட்டும். உக்காருங்கப்பா.”

முதல் செம்பை முத்திருளனிடம் நீட்டினார். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு எனக்கு நீட்டினார். அரை விநாடி என் கை நின்றது. பிறகு வாங்கிக் குடித்தேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். முத்திருளன் கவனித்திருப்பார். ஓரத்தில் ஆடுகிறவனுக்குக் கண் பக்கவாட்டிலும் வேலை செய்யும். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தங்கராசு செம்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, “மோர்ல உப்பு பத்தலண்ணே” என்று கேப்டனிடம் சண்டைக்குப் போனான். அந்த வானம் பார்க்கிற பயலை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்று ராத்திரி லிஸ்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். லெஃப்ட் அவுட்: முத்திருளன். ரைட் அவுட்: தங்கராசு (வானம் பார்ப்பதை நிறுத்தினால்). ரிசர்வ், இரண்டு பக்கத்துக்கும்: நான். பேனாவைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். காமாட்சி கூட்டிப் படித்தாள். உள்ளே போய், இருந்த பாலில் ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

மழை பெய்தது. சூளை அணைந்தது. சீசன் வந்தது.

முதல் மேட்ச் திண்டுக்கல் டீமோடு. அவர்கள் ரயிலேறி வருகிறார்கள். வெளியூர் டீம் வந்தால் மேட்ச் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் டிபன் கொடுத்து அனுப்புவது வழக்கம். வருஷா வருஷம் அதே காபி கிளப்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ரைட்டரே, எங்க வச்சுக் கொடுக்குறது? விருந்தாளிய ஆத்து மணல்ல உக்கார வச்சு மோரு ஊத்தி அனுப்ப முடியுமா? கிளப்புக்குப் போனா நம்ம லெஃப்ட் அவுட் வெளிய நிக்கணும். போகலேன்னா ஊரு மானம் போகும்.”

நான் யோசித்தேன். நிஜமாகவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அல்லது, தோன்றிய ஒன்றைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

உள்ளேயிருந்து காமாட்சியின் குரல் வந்தது. “இங்கதான் அண்ணே. நேத்தே மாவு ஆட்டியாச்சு.”

“எம்புட்டு?” என்றேன், அசட்டுத்தனமாக.

“முப்பது பேருக்கு. எங்க அம்மா வீட்டு இட்லிக் கொப்பரையும் வந்துருச்சு. நீங்க போய் வாழையிலை வாங்கிட்டு வாங்க.”

சனிக்கிழமை முழுக்க ஆட்டுக்கல் ஓடியிருக்கிறது. அதே வீட்டில் உட்கார்ந்து நான் போன வாரத்துப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். எதற்கு இவ்வளவு மாவு என்று கேட்கவில்லை பாருங்கள்!

சரி, மேட்ச். ஹாஃப் டைமில் நான் நறுக்கிய எலுமிச்சம்பழத்தைச் சப்பிவிட்டு எல்லோரும் மறுபடி இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் முத்திருளன் பந்தோடு கோட்டை ஒட்டிக் கிளம்பினார். திண்டுக்கல் ஆட்கள் இருவர் வலதுபக்கம் சாய்ந்தார்கள். அவர்களுக்காக நான் உள்ளூர வருந்தினேன். எனக்குத் தெரிந்த சாய்வு அது. பந்து உயர்ந்து நடுவில் வந்து விழ, கேப்டன் நெற்றியால் இடித்தார். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

அப்புறம் தங்கராசுவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கேப்டன் என்னைப் பார்த்தார். வேட்டியை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த டிராயரோடு ரைட் அவுட்டில் இறங்கினேன். கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும். மறுபடி இடது ஓரத்திலிருந்து முத்திருளன் பந்தைத் தூக்கினார். “ரைட்டரே, உங்களுக்குத்தான்!” என்ற குரலும் பந்தோடு சேர்ந்தே வந்தது. எனக்கு முன்னால் கோல் கீப்பர்கூட இல்லை. விழுந்து கிடந்தார். உலகமே எனக்காகத் திறந்து கிடந்தது.

ஓங்கி உதைத்தேன். பந்து கோலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மேட்ச் டிரா. “பரவால்ல ரைட்டரே, மரத்துக்கு ஒரு கோல் போட்டுட்டீக” என்று கேப்டன் முதுகில் தட்டினார். முத்திருளன்தான் மரமேறிப் பந்தை எடுத்துவந்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் அடக்கச் சொல்லவில்லை.

இருபத்துமூன்று பேரும் எங்கள் தெருவுக்கு வந்தோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், ஃபுட்பால் என்றால் உயிர். மேட்ச் பார்த்துவிட்டு எங்களுக்கு முன்பே வந்து தம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் உள்ளே போக, முத்திருளன் மட்டும் தெருவிலேயே நின்றார். “நான் இங்கனயே இருக்கேன், சோலி...” என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

காமாட்சி கையில் குழம்பு வாளியோடு வாசலுக்கு வந்தாள்.

“வா தம்பி. கோடை பூரா உன் ஆட்டத்தைப் பாத்துக்கிட்டே துணி தொவைச்சவ நானு. உள்ள வந்து உக்காரு, இட்லி ஆறுது.”

முத்திருளன் வாசலில் இருந்த தண்ணீரை எடுத்துக் காலைக் கழுவினார். ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவினார். பிறகு உள்ளே வந்து எனக்கும் திண்டுக்கல் கேப்டனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பந்தி நடக்கும்போது திண்டுக்கல் ஆட்டக்காரர் ஒருவர் எங்கள் கேப்டன் காதருகே சாய்ந்து, “அவரு... யாரு?” என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. மொச்சைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த காமாட்சியின் கை நின்றது.

சுந்தரம் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

“எங்க லெஃப்ட் அவுட்.”

கேட்டவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, “அதான் தெரியுமே... எம்புட்டு ஓட்டம்!” என்று முணுமுணுத்துவிட்டு இலைக்குத் திரும்பினார். அவருடைய கேப்டன் முத்திருளனைப் பார்த்து, “அந்தச் சாய்வை எங்க கத்துக்கிட்டீக?” என்று கேட்டார். “தலையில செங்கல் இருக்கையில எதுக்க வண்டி வந்தா வேற வழியில்லீங்க” என்றார் முத்திருளன். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் எட்டு இட்லி சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, காமாட்சி எண்ணிச் சொன்னாள், பெருமையாக.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று நான் கதை அளக்கப் போவதில்லை. கிளப் வாசலில் தகரப் பலகை அப்படியேதான் இருக்கிறது. காமாட்சி ஆற்றுக்குத் துவைக்கப் போனபோது இரண்டு பெண்கள் வேறு கல்லுக்கு மாறிக்கொண்டார்களாம். “எடம் தாராளமாச்சு” என்றாள். சொன்ன குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஜவுளிக்கடைக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் வானம் பார்த்தார்.

ஒரு டீமில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஆட்டமில்லாத காலத்தில்தான் தெரிகிறது. ஆட்டம் நடக்கும்போது எல்லோரும் ஓடுகிறோமே... யார் எதற்காக ஓடுகிறார் என்று எப்படித் தெரியும்?

இன்று காலை இந்தப் பத்தியை எழுத உட்காரும்போது வாசலில் யாரோ கனைத்தார்கள். பார்த்தால் ஜவுளிக்கடைக்காரர். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு, தெருவைப் பார்த்தபடி கேட்டார்:

“அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல... அந்த லெஃப்ட் அவுட் ஆடுறாரா?”

“ஆடுறாரு” என்றேன். “வெள்ளன வந்தீகன்னா முன்னால இடம் கிடைக்கும்.”